புஸ் சத்தம் வந்ததா? ஏர் கம்ப்ரசர் கேள்வி பதில்

வீட்டில் வைத்துப் புழங்குகிற சின்ன ஏர் கம்ப்ரசரைப் பற்றி வந்து குவிந்த கேள்விகளை எல்லாம் இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரித்துப் பார்த்தால் பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான், வார்த்தைதான் வேறு. அதனால் சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு நாலே வரியிலும் பதில் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறைதான் கம்ப்ரசரை எடுக்கிறேன், சைக்கிள் டயருக்கும் ஜன்னல் வலையில் படிந்த தூசிக்கும். ஒவ்வொரு முறையும் டேங்க்கில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நான் தண்ணீரே ஊற்றவில்லையே, எங்கிருந்து வரும்?

பதில்: நீங்கள் ஊற்றவில்லை, காற்று கொண்டுவருகிறது. 24 லிட்டர் டேங்க்கை 8 பார் (பார் என்பது அழுத்த அளவு, ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்) வரை நிரப்பினால் உள்ளே இருப்பது 24 லிட்டர் காற்று இல்லை, ஏறக்குறைய 216 லிட்டர் அறைக்காற்று. அத்தனை காற்றிலும் இருந்த ஈரம் அந்தச் சின்ன உருளைக்குள் வந்து நெருக்கியடித்துக்கொள்கிறது. பம்ப்பிலிருந்து வரும்போது காற்று நல்ல சூடு, அதனால் ஈரம் ஆவியாகவே உள்ளே வந்துவிடும். டேங்க்கின் இரும்புச் சுவரில் பட்டு ஆறியதும் துளித்துளியாகி அடியில் இறங்கிவிடும். வெப்பம் 30 டிகிரி, கொஞ்சம் புழுக்கமான நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலி டேங்க்கை ஒருமுறை முழுதாக நிரப்பினாலே 4 கிராமுக்கு மேல் தண்ணீர் சேர்கிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். நாள் முழுக்க ஓட்டினால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, பெருமைப்படும்படியான அனுபவம் இல்லை. என் முதல் கம்ப்ரசரை இரண்டு வருஷம் ஒருமுறைகூட வடிக்காமல் வைத்திருந்தேன். ஒருநாள் இடம் மாற்றத் தூக்கினால் உள்ளே சளக் சளக் என்கிறது. அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திருகினேன், அசையவில்லை. ஸ்பேனர் போட்டு இழுத்ததும் திறந்தது, முதலில் ஒன்றும் வரவில்லை, அடைப்பு. கம்பியால் குத்தியபிறகு செங்கல் நிறத்தில் குழம்பாக இறங்கிற்று. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் மாதிரி நெருநெருப்பு. அது மணல் இல்லை, என் டேங்க்கின் உட்சுவர்.

ஆகவே மாதம் ஒருமுறை ஓட்டுகிறவர்தான் இன்னும் கவனமாக வடிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் டேங்க்கில் தண்ணீர் மாதம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது. வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு, டேங்க்கில் 1 அல்லது 2 பார் மட்டும் மிச்சம் இருக்கும்வரை காற்றை விடுங்கள். அப்புறம் வடிகால் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சற்றே சாய்த்து, மெதுவாகத் திறங்கள். மிச்சக் காற்றே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். முழு அழுத்தத்தில் திறந்தால் முகத்திலும் சுவரிலும் துரு அடிக்கும், காதும் அடைக்கும். காற்று முழுதும் போனபிறகு வால்வை மூடாமல் அப்படியே விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஈரமும் காய்ந்துவிடும்.

வருகிற தண்ணீரின் நிறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தெளிவாக வந்தால் நல்லது. லேசான செம்பழுப்பு என்றால் துரு தொடங்கிவிட்டது, இனி வடிக்காமல் விடக் கூடாது. பால் போல வெள்ளையாக வந்தால் அது எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. எண்ணெய் போட்டு ஓடும் வகையில் கொஞ்சம் அப்படி வரும், நிறைய வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெயை மேலே விடுகிறது என்று அர்த்தம்.

கேள்வி: சார், என் கம்ப்ரசர் முதல் தடவை நன்றாக நிரம்புகிறது. காற்றைப் பயன்படுத்தி அழுத்தம் இறங்கியதும் மோட்டார் தானாக ஓட வேண்டும் இல்லையா, அப்போது ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கிறது, ஓடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் சிவப்புப் பொத்தான் வெளியே வந்துவிடுகிறது. மோட்டார் எரிந்துவிட்டதா?

பதில்: எரியவில்லை. ஆனால் இப்படியே இன்னும் பத்து முறை உறும விட்டால் எரிந்துவிடும். அந்தச் சிவப்புப் பொத்தான்தான் இதுவரை காப்பாற்றியிருக்கிறது, அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பரிசோதனை செய்யாதீர்கள்.

நல்ல கம்ப்ரசர் ஒன்று நிரம்பி நிற்கும்போது கவனித்திருப்பீர்கள், மோட்டார் நின்ற கையோடு ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். பலர் அதைக் கசிவு என்று நினைத்துக் கவலைப்பட்டு எழுதுகிறார்கள். அது வரவேண்டிய சத்தம், வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பம்ப்பிலிருந்து டேங்க்குக்குப் போகும் குழாயின் முடிவில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருக்கிறது, டேங்க்குக்குள் போன காற்றைத் திரும்ப விடாது. மோட்டார் நிற்கும்போது அந்தக் குழாயிலும் பம்ப்பின் தலையிலும் அழுத்தக் காற்று மாட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே விடுவதற்கு, அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கும் பிரஷர் ஸ்விட்ச்சின் ஓரத்தில் அன்லோடர் என்று ஒரு குட்டி வால்வு உண்டு, ‘புஸ்’ சத்தம் அதனுடையது. அது விட்டுவிட்டால் அடுத்த முறை பிஸ்டன் சுமையில்லாமல் சுற்றத் தொடங்கும். விடாவிட்டால் அடைபட்ட அழுத்தத்தை எதிர்த்துக்கொண்டு மோட்டார் முதல் சுற்றே சுற்ற வேண்டும், முடியாமல் உறுமும். உங்கள் கதை இதுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

உறுதி செய்துகொள்வது சுலபம். டேங்க்கை முழுக்கக் காலி செய்துவிட்டுப் போடுங்கள். காலியாக இருக்கும்போது ஜம்மென்று ஓடி, அழுத்தம் இருக்கும்போது மட்டும் உறுமினால் அன்லோடர் அடைத்திருக்கிறது, அல்லது அதற்குப் போகும் பென்சில் தடிமன்கூட இல்லாத அந்தச் சின்னக் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. டேங்க் காலியாக இருந்தும் உறுமினால் விஷயம் வேறு: கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், மின்னழுத்தம் குறைவாக வரலாம். கெபாசிட்டரை நீங்களாகக் கழற்ற வேண்டாம், பிளக்கை எடுத்தபிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு, இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார்: மோட்டார் நின்றபிறகு ‘புஸ்’ வருகிறது, ஆனால் நிற்காமல் டேங்க் காலியாகும்வரை வந்துகொண்டே இருக்கிறது. அன்லோடர் கெட்டுவிட்டது என்று அதை மாற்றி, மாற்றியும் சரியாகவில்லை. அன்லோடர்மேல் பழி போட்டது தப்பு. நான் ரிட்டர்ன் வால்வு சரியாக உட்காராமல் டேங்க் காற்றைப் பின்னால் விடுகிறது, அது திறந்திருக்கும் அன்லோடர் வழியாக வெளியே போகிறது. டேங்க்கைக் காலி செய்து (கேஜ் முள் சைபரில் இருந்தாலும் வடிகால் வால்வைத் திறந்து பார்த்து), அந்த வால்வைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வில்லை இருக்கும். பெரும்பாலும் அதன் அடியில் ஒரு துரும்பு துருவோ கரியோ ஒட்டியிருக்கும். துடைத்துப் போட்டால் சரி, வில்லையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

அப்புறம் எல்லோருக்கும் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரைச் சுவர் ஸ்விட்ச்சில் அணைப்பதோ பிளக்கைப் பிடுங்குவதோ கூடாது. பிரஷர் ஸ்விட்ச்சின் மேலே இருக்கும் குமிழை அமுக்கி அணைத்தால்தான் அன்லோடர் திறந்து ‘புஸ்’ விடும். பிளக்கைப் பிடுங்கினால் காற்று தலையிலேயே மாட்டிக்கொள்ளும், அடுத்த முறை போடும்போது உறுமும். ஓடும்போது கரண்ட் போய்விட்டாலும் இதே நிலைமைதான். உடனே போய்க் குமிழை அமுக்கி அணைத்துவிடுங்கள், கரண்ட் வந்ததும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் முள் பாதிக்கு வந்துவிடுகிறது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, சத்தமே இல்லை.

பதில்: முதலில் ராத்திரி நிரப்பி வைக்காதீர்கள், எதற்கு அது? மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கசிவுக்கு சோப்புத் தண்ணீரும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் போதும். நுரை வருகிற அளவுக்குக் கரைத்து, டேங்க் நிரம்பிய நிலையில், பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு வாருங்கள். ஸ்விட்ச்சின் மின்கம்பிப் பக்கம் மட்டும் வேண்டாம். பெரிய கசிவு குமிழாக ஊதிக்காட்டும். சின்னக் கசிவில் அவசரப்பட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டால் தெரியாது, அரை நிமிஷம் நின்று பார்த்தால் வெண்ணுரை பூஞ்சை மாதிரி மெல்ல வளரும். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி ஹோஸ் மாட்டும் கப்ளர், அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம். அடுத்தது ரெகுலேட்டர் (ஹோஸுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்), அதற்கடுத்து கேஜின் மரை. மரையில் கசிந்தால் காற்றை எல்லாம் விட்டுவிட்டுக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்றி மாட்டுங்கள். நுனியின் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் டேப் துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டரில் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் இருக்கும்போது எந்த நட்டையும் இறுக்கவோ தளர்த்தவோ கூடாது, ‘ஒரே ஒரு கால் திருப்புதான்’ என்றாலும்.

இன்னொன்று, நிரப்பிய கொஞ்ச நேரத்தில் முள் லேசாக இறங்குவது கசிவு இல்லை. சூடான காற்று ஆறும்போது அழுத்தமும் குறையும். ஆறியபிறகு அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து கணக்கை ஆரம்பியுங்கள்.

கேள்வி: பைக் எஞ்சின் ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது. கம்ப்ரசருக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். எஞ்சின் ஆயிலில் டிடர்ஜென்ட் சேர்த்திருப்பார்கள், அழுக்கையும் ஈரத்தையும் எண்ணெயோடு கலந்து மிதக்க வைப்பதற்காக. எஞ்சினில் அதை வடிகட்ட ஆயில் ஃபில்டர் இருக்கிறது, சூட்டில் ஈரமும் ஆவியாகிவிடும். உங்கள் சின்ன கம்ப்ரசரில் ஆயில் ஃபில்டரே கிடையாது. கலந்த ஈரம் கலந்தபடியே இருக்கும், சூடான வால்வுத் தகடுகளில் கரியும் படியும். கம்ப்ரசர் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான சின்ன பிஸ்டன் வகைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 100 என்ற தடிமன்தான் சொல்லியிருப்பார்கள், டிடர்ஜென்ட் இல்லாத எஸ்.ஏ.இ. 30 ஏறக்குறைய அதே தடிமன். கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி.

அளவு பார்க்கும் கண்ணாடியில் சிவப்பு வட்டம் இருக்கும், எண்ணெய் அதன் நடுவில் நிற்க வேண்டும். கம்ப்ரசர் சமதரையில் இருக்கும்போது, நின்று கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். ‘கொஞ்சம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே’ என்று கழுத்துவரை ஊற்றினால் மிஞ்சிய எண்ணெய் எல்லாம் காற்றோடு டேங்க்குக்குத்தான் போகும். புதுக் கம்ப்ரசரில் முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றச் சொல்வார்கள், காரணம் புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசி உதிர்க்கும் இரும்புப் பொடி அதில் இருக்கும். மாற்றும்போது ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள், அடியில் தங்காமல் வரும்.

புதிதாக வாங்கியவர்கள் எண்ணெய் ஊற்றும் வாயை ஒருமுறை பாருங்கள். எடுத்து வரும்போது சிந்தாமல் இருக்க ஓட்டையில்லாத ஒரு மூடி போட்டு அனுப்புவது வழக்கம். அதைக் கழற்றிவிட்டு, கூடவே பையில் தந்திருக்கும் மூச்சுவிடும் மூடியைப் போட வேண்டும். போடாமல் ஓட்டிவிட்டு ‘எல்லா இடுக்கிலும் எண்ணெய் கசிகிறது’ என்று எழுதியவர் ஒருவர் அல்ல, மூன்று பேர்.

கேள்வி: என்னுடையது ஆயில் இல்லாத வகை. சத்தம் அதிகமாகிவிட்டது, ஃபில்டர் வழியாக நாலு சொட்டு எண்ணெய் விட்டால் குறையுமா?

பதில்: விடாதீர்கள்! அதில் எண்ணெய்க்குப் பதிலாக வழுக்கும் டெஃப்லான் வகை வளையம் பிஸ்டனைச் சுற்றி இருக்கிறது, உலர்ந்து ஓடுவதற்கென்றே செய்தது. எண்ணெய் பட்டால் தூசி அதில் ஒட்டிச் சாந்தாகி வளையத்தையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். இந்த வகை இயல்பிலேயே கத்தும். திடீரென்று சத்தம் கூடினால் முதலில் தரையில் நிற்கும் ரப்பர் கால்களையும், மோட்டார் மூடியின் திருகுகளையும், பின்பக்கக் காற்றாடியையும் பாருங்கள், பாதி நேரம் ஏதாவது தளர்ந்து தடதடக்கிறது. அங்கெல்லாம் சரியாக இருந்து, டேங்க் நிரம்பவும் முன்னைவிட நேரம் எடுத்தால் வளையம் தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: மொட்டை மாடியில் வேலை. கீழேயிருந்து 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டுகிறேன். மோட்டார் தலையே கொதிக்கிறது.

பதில்: வயரை இழுக்காதீர்கள், ஹோஸை இழுங்கள். கம்ப்ரசர் பிளக் பாயின்ட் பக்கத்திலேயே இருக்கட்டும், 20 மீட்டர் காற்றுக்குழாய் மேலே போகட்டும். குழாயில் கொஞ்சம் அழுத்தம் குறையும், ரெகுலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் ஈடாகிவிடும். வயரில் மின்னழுத்தம் குறைந்தால் ஈடுகட்டுவது மோட்டார்தான், தன் உடம்பைச் சுட்டுக்கொண்டு. 2 குதிரைத்திறன் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது 8, 10 ஆம்பியர் எடுக்கும் என்றால் கிளம்புகிற அந்தக் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்குக்கு வாங்கிய மெல்லிய வயர் அதற்கு எங்கே போகும்? வேறு வழியே இல்லை, வயர்தான் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, எர்த்தோடு, உருளையில் சுற்றியிருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிட்டு. சுற்றியபடியே ஓட்டினால் நடுவில் இருக்கும் சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் வயரின் மேலுறை உருகிவிடும்.

தலை கொதிப்பதற்கு இன்னொரு காரணம் ஓய்வு கொடுக்காதது. வீட்டு வகைக் கம்ப்ரசர் பல, பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஆறும் கணக்கில் செய்தவை. மோட்டார் நிற்கவே வாய்ப்பில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் பிடித்திருக்கும் கருவி அதன் சக்திக்கு மீறியது.

கேள்வி: டேங்க்கின் அடியில் ஊசி முனை அளவு ஓட்டை, காற்று சீறுகிறது. தெரிந்த வெல்டர் ஒரு பொட்டு வைத்து அடைத்துத் தருகிறேன் என்கிறார். எபாக்சி பேஸ்ட் போட்டாலும் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். அந்த ஓட்டை வெளியிலிருந்து விழவில்லை, உள்ளிருந்து துரு தின்றுகொண்டு வந்து முதலில் வெளியே எட்டிப் பார்த்த இடம் அது. சுற்றிலும் தகடு காகிதமாகியிருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. 8 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 8 கிலோ தள்ளுகிறது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்க்கின் ஒரு பக்க மூடியில் மட்டும் ஏறக்குறைய 4,000 கிலோ, நாலு டன். மெலிந்த தகட்டில் வெல்டிங் சூடும் பட்டால் ஓட்டை அடையும், பக்கத்தில் பிளந்துவிடும். தண்ணீர் நிறைந்த டேங்க் பிளந்தால் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். காற்று அடைத்தது பிளந்தால் வெடிக்கும். காற்றை எல்லாம் விட்டுவிட்டு, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி அந்த டேங்க்கில் ஒரு பெரிய ஓட்டை போட்டுக் கழித்துவிடுங்கள். பம்ப்பும் மோட்டாரும் நன்றாக இருந்தால் புது டேங்க்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

கூடவே இன்னொருவர் கேட்டதற்கும் இங்கேயே பதில்: தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் போடக் கூடாது. அது கிழியாது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

கேள்வி: சேஃப்டி வால்வில் லேசாகக் காற்று கசிகிறது. மேலே ஒரு திருகு மாதிரி இருக்கிறது, இறுக்கிவிடலாமா?

பதில்: தொடாதீர்கள். முதலில் கேஜைப் பாருங்கள். மோட்டார் வழக்கமாக நிற்கும் அழுத்தத்தையும் தாண்டி முள் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது, கெட்டது பிரஷர் ஸ்விட்ச். அதை மாற்றும்வரை கம்ப்ரசரை ஓட்டக் கூடாது. முள் சரியான இடத்திலேயே இருந்தும் கசிந்தால் வால்வின் உட்காருமிடத்தில் தூசி. டேங்க்கில் அழுத்தம் இருக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதன் வளையத்தை இரண்டு மூன்று முறை சுண்டி இழுத்து விடுங்கள், காற்றே தூசியை ஊதிவிடும். நிற்காவிட்டால் அதே அழுத்தம் பொறித்த புது வால்வு. இந்தச் சுண்டி இழுக்கும் வேலையை அவ்வப்போது செய்துவந்தால் வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது.

கேள்வி: அலமாரிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். முதல் கதவு கண்ணாடி மாதிரி வந்தது, மூன்றாவது கதவில் அம்மை போட்டது போல் புள்ளிகள். டேங்க் வாயிலேயே தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் மாட்டியிருந்தேனே!

பதில்: மாட்டிய இடம்தான் பிரச்சினை. அந்த ஃபில்டர் துளியாக வரும் தண்ணீரைச் சுழற்றிக் கீழே தள்ளும், ஆவியாக வருவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் கதவு அடிக்கும்போது டேங்க் குளிர்ந்திருந்தது, ஈரம் அங்கேயே துளியாகிவிட்டது. மூன்றாவது கதவுக்குள் பம்ப், டேங்க் எல்லாம் சூடேறி, ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டி, ஹோஸில் போகும்போது ஆறித் துளியாகி, ஸ்ப்ரே கன் வழியாக உங்கள் கதவில் விழுந்தது. ஃபில்டரை டேங்க்கிலிருந்து தள்ளி, ஏழெட்டு மீட்டர் ஹோஸுக்கு அப்புறம், கன்னுக்குக் கிட்டே மாட்டுங்கள். முதல் துண்டு ஹோஸை ஒரு வாளித் தண்ணீரில் சுருட்டிப் போட்டால் இன்னும் நன்றாக ஆறும், பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை செய்யும். நடுநடுவே நிறுத்தி டேங்க்கை வடியுங்கள். பெயின்ட் புகை கம்ப்ரசருக்குள் போகாதபடி அதை வேறு அறையில் வையுங்கள், காற்று இழுக்கும் ஃபில்டரில் அந்தப் பிசின் ஒட்டினால் கழுவினாலும் போகாது. மரத்தூள் பறக்கும் இடத்துக்கும் இதேதான். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்பில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டலாம், காகித ஃபில்டர் என்றால் தட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவதுதான்.

கேள்வி: கார் டயருக்கு 12 வோல்ட்டில் ஓடும் கையடக்க கம்ப்ரசர். நாலாவது டயர் முடிவதற்குள் செத்துவிட்டது. பராமரிக்க என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: இரண்டாவது டயரில் நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு டேங்க்கும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. விரல் பருமன் பிஸ்டன் ஒன்று வெறித்தனமாக ஓடுகிறது, பல மாடல்களில் பல்சக்கரம் பிளாஸ்டிக். பத்து நிமிஷம் ஓடினால் அதே அளவாவது ஓய்வு என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்? ஹோஸ் முனையில் இருக்கும் பித்தளைத் தலையைத் தொட்டால் கை சுடும், அதுதான் உள்ளே இருக்கும் சூட்டின் அளவுகோல். அது ஆறினால் அடுத்த டயருக்குப் போகலாம்.

செத்ததாகத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் பிளக்கின் நுனியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஃபியூஸ் இருக்கும், அது மட்டும் போயிருக்கலாம். காரின் பக்கத்து ஃபியூஸையும் பாருங்கள், 120 வாட் சாதனம் 10 ஆம்பியர் இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கேஜ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், காற்று பாய்கிற வேகத்தில் கூடுதலாகத்தான் காட்டும், நிறுத்திவிட்டுப் பாருங்கள். 35 பவுண்டு வேண்டும் என்றால் பாரில் 2.4. உள்ளே பேட்டரி வைத்த வகையை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் முழுதாகவும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் பாதி சார்ஜில் வையுங்கள்.

கேள்வி: வாங்கி நாலு வருஷம் ஆகிறது, ஓடுகிறது. ஆனால் முன்பு மாதிரி இல்லை என்று ஒரு சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கைக்கடிகாரத்தால். டேங்க்கைச் சுத்தமாகக் காலி செய்து, வால்வை மூடி, ஸ்விட்ச்சைப் போட்டு, தானாக நிற்கும்வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். வாங்கிய அன்றே இதைச் செய்து எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு உங்கள் சந்தேகத்துக்கு ஒரு நிமிஷத்தில் விடை கிடைத்திருக்கும். பரவாயில்லை, இன்றைக்கு எழுதி வையுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் முதலில் காற்று ஃபில்டர் அடைப்பு, அப்புறம் கசிவு, அப்புறம் தலையில் இருக்கும் வால்வுத் தகடு, கடைசியாக ரிங் என்ற வரிசையில் தேடுங்கள், சுலபமானதிலிருந்து கஷ்டமானதுக்கு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒருமுறை நிரப்பிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

என்னுடைய இரண்டாவது கம்ப்ரசரின் டேங்க்கில் மார்க்கரால் எழுதியிருக்கிறது: 2 நிமிடம் 10 வினாடி. அதற்குக் கீழே 2.15, அதற்குக் கீழே அடித்துத் திருத்திய ஒரு 2.40. அந்த 2.40-க்குக் கீழே திரும்பவும் 2.15 என்று இருக்கிறது. அன்றைக்கு ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஒரு குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது.